அரைவேக்காட்டு இறைச்சிக்கு மது மருந்தாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விருந்தில் தட்டில் விழுந்த கோழித் துண்டைக் கடித்த பிறகுதான் தெரிகிறது, எலும்போரம் இன்னும் பச்சையாகவே இருக்கிறது. துப்புவதா விழுங்குவதா என்று யோசிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் கிளாஸை நீட்டுகிறார்: "ஒரு பெக் போடு, உள்ளே இருக்கிற கிருமி எல்லாம் செத்துடும்." இந்த வைத்தியத்தை எனக்கும் பலர் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவம் படித்த ஒருவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் அப்போது மூன்றாவது கிளாஸில் இருந்தார். அப்படிப்பட்ட பேச்சுகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். மது குடித்தால் ஃபுட் பாய்சனிலிருந்து தப்பிக்க முடியுமா?

நம்பி இறங்கும் அளவுக்கு முடியாது. சில சூழலில், சில கிருமிகளிடம், கொஞ்சம் பலன் இருந்திருக்கலாம் என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. அவற்றைக் கீழே மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் "கறி சரியாக வேகவில்லை, பரவாயில்லை, கையில் கிளாஸ் இருக்கிறது" என்று முடிவெடுக்க அந்தப் பலன் போதாது.

கை கழுவும் சானிடைசர் கிருமியைக் கொல்கிறது. அதிலும் ஆல்கஹால், இதிலும் ஆல்கஹால். பிறகென்ன வித்தியாசம்?

இந்த வாதத்தில்தான் எல்லோரும் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எத்தனால் கிருமியைக் கொல்வது உண்மை. கிருமியின் வெளிச்சவ்வைக் குலைத்து, உள்ளே இருக்கும் புரதங்களை உருக்குலைத்துவிடும். ஆனால் அது நடக்க மூன்று விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும்: போதுமான செறிவு, நேரடித் தொடுகை, போதுமான நேரம். சானிடைசரில் குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும் என்பது விதி. 70 சதவீதத்தை ஒட்டி நன்றாக வேலை செய்யும். நூறு சதவீதம் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று தோன்றும், ஆனால் அப்படி இல்லை. புரதத்தை உருக்குலைக்க ஓரளவு தண்ணீரும் தேவை. அப்புறம், சானிடைசர் வெறும் தோலின் மேல் மெல்லிய படலமாகப் பரவுகிறது. கையில் அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் அந்த 70 சதவீதமே தடுமாறிவிடும் என்பதால்தான் அழுக்குக் கைக்குச் சோப்பு போடச் சொல்கிறார்கள்.

இப்போது குடிக்கும் மதுவுக்கு வருவோம். பீரில் சுமார் 5 சதவீதம். வைனில் 12 முதல் 14. விஸ்கி, பிராந்தி, ரம், வோட்கா எல்லாம் 40 சதவீதத்தை ஒட்டியவை. பாட்டிலில் இருக்கும்போதே சானிடைசரின் வாசலைக்கூட எட்டவில்லை. வயிற்றுக்குள் போனதும் நிலைமை இன்னும் மோசம். 60 மில்லி விஸ்கியில் உள்ள சுத்த ஆல்கஹால் சுமார் 24 மில்லி. சாப்பிட்ட வயிற்றில் உணவு, தண்ணீர், செரிமானச் சாறு எல்லாம் சேர்த்து 800 மில்லி இருக்கிறதென்று வைத்துக்கொண்டால், கலந்த பிறகு ஆல்கஹாலின் பங்கு 3 சதவீதம். பீரைவிட நீர்த்த திரவம். மதுவை உண்டாக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரே 12, 14 சதவீதம் வரை அந்த ஆல்கஹாலுக்குள்ளேயே உயிரோடு வேலை பார்க்கிறது. 3 சதவீதத்தைப் பார்த்து சால்மொனெல்லா போன்ற வயிற்றுக் கிருமி பயந்து ஓடும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

அந்த 3 சதவீதமும் அங்கேயே நிற்பதில்லை. குடித்த சில நிமிடங்களிலேயே ஆல்கஹால் ரத்தத்தில் ஏறத் தொடங்கிவிடுகிறது. ஒரு பகுதி இரைப்பையிலிருந்தே, பெரும்பகுதி சிறுகுடலிலிருந்து. ஏறுவதால்தானே போதை! கிருமியோடு சண்டை போட வேண்டிய ஆள் தலைக்கு ஏறிவிடுகிறார். கிருமி குடலில் நிம்மதியாக இருக்கிறது.

தண்ணீர் கலக்காமல் ராவாக அடித்தால்?

தொண்டை எரியும், இரைப்பையின் உட்சுவர் புண்ணாகும். உள்ளே தயாராக இருக்கும் சாறும் உணவும் எப்படியும் அதை நீர்க்கச் செய்துவிடும். வெறும் வயிற்றில் குடித்தால் செறிவு கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஆனால் நம் கேள்வியே சாப்பிட்ட கறியைப் பற்றியது. கிருமியைக் கொல்லும் அளவுக்கு வயிற்றில் செறிவை ஏற்ற வேண்டுமானால் அது கிருமிக்கு முன் குடித்தவரைக் கொன்றுவிடும். இதை விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. ஆல்கஹால் நஞ்சேறி உயிர்போவது உண்மையிலேயே நடப்பதுதான்.

அப்படியென்றால் மதுவுக்குச் சாதகமாக ஆய்வுகள் இருக்கின்றன என்று படித்தேனே, அது பொய்யா?

பொய் இல்லை. ஆனால் செவிவழியாக வரும்போது அவை ஒன்றுக்குப் பத்தாகிவிட்டன.

1988இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பச்சைச் சிப்பி சாப்பிட்டவர்களிடையே ஹெபடைடிஸ் ஏ மஞ்சள்காமாலை பரவியது. யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று துருவிப் பார்த்த ஆய்வு 1992இல் வெளியானது. 10 சதவீதமும் அதற்கு மேலும் ஆல்கஹால் உள்ள பானங்களைச் சிப்பியோடு குடித்தவர்களிடம் நோய் குறைவாக இருந்தது. பீர் போன்ற இளம் பானங்களைக் குடித்தவர்களிடம் அப்படி எந்தப் பாதுகாப்பும் தெரியவில்லை. பீர் குடித்துக்கொண்டு இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டாவது பாதியைச் சொல்வதே இல்லை.

ஸ்பெயினில் ஒரு சால்மொனெல்லா பரவலை ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். அதிகம் குடித்தவர்களில் நோயுற்றோர் விகிதம் குறைவாக இருந்தது. ஆனால் 40 கிராமுக்கு மேல் ஆல்கஹால் உள்ளே போனவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் படுத்துவிட்டார்கள். 40 கிராம் என்பது மூன்று நான்கு பெக்குக்குச் சமம். அவ்வளவு குடித்தும் பூவா தலையா போட்டுப் பார்க்கிற நிலைமைதான் என்றால், அதை மருந்து என்று எந்த வாயால் சொல்வது?

மூன்றாவதாக, 1995இல் ஒரு சோதனைக்குழாய் ஆய்வு. சால்மொனெல்லா, ஷிகெல்லா, ஈ.கோலை ஆகிய வயிற்றுக் கிருமிகளின் மேல் வைன் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அங்கே கிருமியும் வைனும் மட்டும்தான் இருந்தன. நடுவில் மென்று விழுங்கிய கறி, கொழுப்பு, சோறு, ரொட்டி எதுவும் இல்லை. வைனின் புளிப்பும் அதில் உள்ள பிற பொருட்களும் கூட்டாளிகள் என்பதால், அதைப் பார்த்து "ஆல்கஹால் கொல்கிறது" என்று வோட்காவுக்கும் சான்றிதழ் கொடுக்க முடியாது.

முதல் இரண்டு ஆய்வுகளிலும் இன்னொரு சிக்கல் உண்டு. யாருக்கும் சீட்டுக் குலுக்கி "நீ குடி, நீ குடிக்காதே" என்று சொல்லவில்லை. நடந்து முடிந்த பிறகு விசாரித்தார்கள். அதிகம் குடிப்பவர் சில சமயம் குறைவாகச் சாப்பிடுவார். என்ன சாப்பிட்டோம் என்பது அவருக்குச் சரியாக நினைவிருக்காது. அடுத்த நாள் வாந்தி வந்தால் "நேற்றுக் கொஞ்சம் ஓவர்" என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வார், நோய்க் கணக்கில் சேரமாட்டார். இதையெல்லாம் கழித்த பிறகும் ஏதோ கொஞ்சம் மிஞ்சலாம். அந்தக் கொஞ்சத்தின் மேல் நான் என் குடலைப் பந்தயம் வைக்கமாட்டேன்.

கிருமி கறியின் மேலே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா?

கறியைப் பொறுத்தது. மாட்டின் தொடையிலிருந்து வெட்டிய முழுத் துண்டு ஒன்றில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். அதனால்தான் வெளிப்புறம் நன்றாகச் சுட்டு நடுவில் சிவப்பாக விட்ட ஸ்டேக் பலருக்கு ஒன்றும் செய்வதில்லை. அதையே கொத்துக்கறியாக அரைத்துவிட்டால் மேலே இருந்தது உள்ளேயும் கலந்துவிடும். கொத்துக்கறியை அரைவேக்காட்டில் சாப்பிடுவது அதனால்தான் வேறு ஆட்டம். கோழியில் சால்மொனெல்லாவும் காம்பைலோபாக்டர் என்ற இன்னொரு பேதிக் கிருமியும் சர்வசாதாரணம். கோழிக்கு "கொஞ்சம் இளசாக" என்ற பேச்சே கூடாது.

மது எங்கே போய்த் தொடும் என்று யோசித்துப் பாருங்கள். விழுங்கிய கறித் துண்டின் நடுவே, நார்களுக்கும் கொழுப்புக்கும் இடையே ஒளிந்திருக்கும் கிருமியை அது எட்டுவதற்குள் துண்டு சிறுகுடலுக்குப் போகத் தயாராகிவிடும். ஈ.கோலையின் ஓ157 வகையில் மிகச் சில கிருமிகளே, நூறுக்கும் குறைவாக இருந்தால்கூட, நோயைக் கொண்டுவரப் போதும். எனவே "பாதியைக் கொன்றுவிட்டேன்" என்பதில் ஆறுதல் இல்லை.

வயிற்றில் ஏற்கெனவே அமிலம் இருக்கிறதே, மது அதற்குக் கைகொடுக்காதா?

நல்ல கேள்வி. நம் உண்மையான காவலாளி அந்த அமிலம்தான். வெறும் வயிற்றில் அது எலுமிச்சைச் சாற்றைவிடக் கடுமையாக இருக்கும். சாப்பிட்டதும் உணவு அதை நீர்க்கவைத்து, கொஞ்ச நேரத்துக்குக் காவல் தளர்ந்துவிடும். பீரும் வைனும் அமிலச் சுரப்பைத் தூண்டுகின்றன. விஸ்கி, ஜின் போன்ற காய்ச்சி வடித்த மதுவகைகள் அப்படித் தூண்டுவதில்லை. "கடுமையான சரக்குதான் கிருமிக்கு நல்லது" என்று நம்புகிறவருக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

பீர் தூண்டுகிறது என்பதால் பீர் மருந்தாகிவிடாது. கூடுதல் அமிலத்தால் என்ன நன்மை வருகிறதோ அதைவிட நெஞ்செரிச்சல் நிச்சயமாக வரும். இன்னொரு பக்கம், நெஞ்செரிச்சலுக்காகத் தினமும் அமிலக் குறைப்பு மாத்திரை போடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய காவலாளி ஏற்கெனவே அரைத் தூக்கத்தில் இருப்பவர். அரைவேக்காட்டுக் கறி விஷயத்தில் அவர்கள் மற்றவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும். வருடக்கணக்காக நிறையக் குடிப்பவர்களுக்கு இரைப்பைச் சுவர் தேய்ந்து அமிலமே குறைந்துபோவதும் உண்டு.

கிருமியை விடுங்கள், அது விட்டுப்போன நஞ்சை மது முறிக்குமா?

முறிக்காது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி உணவில் வளர்ந்து நஞ்சைக் கக்கிவிட்டால், பிறகு கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு பெரும்பாலும் அப்படியே இருக்கும். கொதியே செய்யாததை ஒரு பெக் செய்யப் போவதில்லை. கிளாஸ்டிரிடியம், பேசில்லஸ் வகைக் கிருமிகள் வித்து என்ற கவசத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த வித்துகளை ஆல்கஹால் ஒன்றும் செய்வதில்லை. ஆய்வகத்தில் மற்ற கிருமிகளை ஒழித்துவிட்டு வித்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டுமென்றால், மாதிரியை எத்தனாலில் ஊறவைப்பது ஒரு வழக்கமான முறை. அவ்வளவு திடமானவை.

இதில் ஒரு விசித்திரமான சம்பவம் உண்டு. 2011இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலச் சிறையில் கைதிகள் திருட்டுத்தனமாக மது காய்ச்சினார்கள். பழத்தோடு வெந்த உருளைக்கிழங்கு ஒன்றையும் போட்டுப் புளிக்கவைத்தார்கள். கிழங்கில் இருந்த பொட்டுலினம் என்ற கிளாஸ்டிரிடியம் வகைக் கிருமியின் வித்து அந்த ஊறலுக்குள்ளேயே வளர்ந்து நஞ்சை உண்டாக்கியது. குடித்தவர்களில் 8 பேர் பொட்டுலிசத்தால் நரம்பு தளர்ந்து மருத்துவமனைக்குப் போனார்கள். நஞ்சை மது முறிக்கும் என்று நம்புபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அங்கே மதுவிலேயே நஞ்சு விளைந்தது.

புழு, பூச்சி வகைகள்? அவை பெரியவை, சுலபமாகச் சாகுமே?

தலைகீழ். டிரைக்கினெல்லா என்ற உருளைப்புழுவின் இளம்புழுக்கள் பன்றி, காட்டுப்பன்றி, கரடி போன்ற விலங்குகளின் தசையில் சுருண்டு கூடு கட்டிக் கிடக்கும். கறியில் அவை இருக்கின்றனவா என்று பரிசோதிக்கும்போது, கறியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் பெப்சின் என்ற நொதியிலும் போட்டு, வயிற்றில் நடப்பது போலவே கரைப்பார்கள். கறி கரைந்துவிடும், புழு உயிரோடு வெளியே வரும். அமிலத்தில் குளித்துவிட்டு வருகிற ஆளிடம் நீர்த்துப்போன விஸ்கியைக் காட்டி என்ன பயன்?

நாடாப்புழுவின் கூடுகளும் டாக்சோபிளாஸ்மா என்ற நுண்ணிய ஒட்டுண்ணியின் கூடுகளும் இதே கதைதான். இவற்றுக்கு வெப்பம் எமன். பன்றி இறைச்சியில் இருக்கும் டிரைக்கினெல்லாவை உறையவைத்தும் கொல்லலாம்: 15 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாத துண்டுகளை மைனஸ் 15 டிகிரியில் 20 நாட்கள் வைப்பது அமெரிக்க வழிகாட்டுதல். ஆனால் வடதுருவப் பக்கத்துக் கரடிகளில் இருக்கும் அதன் உறவுக்காரப் புழு குளிருக்கும் அசையாது. காட்டு விலங்கின் கறி என்றால் நன்றாக வேகவைப்பது ஒன்றே வழி.

கறியை வைனிலோ ரம்மிலோ ஊறவைத்துவிட்டுச் சமைத்தால்?

ருசிக்கு ஊறவையுங்கள், தாராளமாக. பாதுகாப்புக்கு அல்ல. ஊறல் உள்ளே சில மில்லிமீட்டருக்கு மேல் போகவே திணறும். வெளியே எடுத்து அறை வெப்பத்தில் மணிக்கணக்காக ஊறவைத்தால், மதுவால் செத்த கிருமியைவிட அந்த நேரத்தில் பெருகிய கிருமி அதிகமாக இருக்கும். ஊறவைப்பதென்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஊறிய திரவத்தைக் கொதிக்கவிடாமல் மேலே ஊற்றாதீர்கள். ரம்மை ஊற்றிப் பற்றவைக்கும் வித்தை கண்ணுக்கு விருந்து; அந்தச் சுடர் சில வினாடிகளில் அணைந்துவிடும், கறியின் நடுப்பகுதிக்கு அப்படியொரு சுடர் எரிந்த செய்தியே போயிருக்காது.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பச்சை முட்டையும் க்ரீமும் ரம்மும் சேரும் எக்நாக் என்ற பானம். நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் ஆய்வகத்தில், வேண்டுமென்றே சால்மொனெல்லாவைக் கலந்து அந்தப் பானத்தைக் குளிரில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழிந்தும் கிருமி மிச்சமிருந்தது. மூன்றாவது வாரம்தான் ஒன்றும் வளரவில்லை. அங்கே கிருமி முழுக்க மதுவுக்குள் மூழ்கிக் கிடந்தது, ஓடி ஒளிய இடம் இல்லை. அதற்கே வாரக்கணக்கு. உங்கள் வயிறு ஒரு வேளை உணவைச் சில மணி நேரத்தில் கீழே அனுப்பிவிடுகிறது.

நான் எப்போதும் குடித்துக்கொண்டேதான் சாப்பிடுவேன். இதுவரை எனக்கு ஒன்றும் வந்ததில்லையே?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாம். சரியாக வேகாத எல்லாத் துண்டிலும் நோய்க் கிருமி இருப்பதில்லை, இருந்தாலும் எல்லோரையும் வீழ்த்துவதில்லை. குடிக்காமல் அதே கறியைச் சாப்பிட்டவர்களிலும் பலர் தப்பித்திருப்பார்கள். அவர்கள் அந்தப் பெருமையைத் தண்ணீருக்குக் கொடுப்பதில்லை.

"ஒன்றும் வந்ததில்லை" என்பதையும் நான் முழுசாக நம்பமாட்டேன். சால்மொனெல்லா 6 மணி நேரத்திலும் காட்டலாம், 6 நாள் கழித்தும் காட்டலாம். காம்பைலோபாக்டர் 2 முதல் 5 நாள் எடுத்துக்கொள்ளும். ஓ157 பெரும்பாலும் 3, 4 நாள். டிரைக்கினெல்லாவின் தசைவலியும் கண்ணிமை வீக்கமும் வாரக்கணக்கில் தாமதித்து வரும். வேகாத பன்றி ஈரலிலிருந்து தொற்றக்கூடிய ஹெபடைடிஸ் ஈ 2 முதல் 10 வாரம் வரை எடுத்துக்கொள்ளும். சனிக்கிழமை சாப்பிட்ட கோழி புதன்கிழமை பழிவாங்கினால், நாம் செவ்வாய்க்கிழமைச் சாம்பாரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

குடிப்பவர்களுக்கு ஆபத்து கூடவும் செய்யுமா?

கூடும். பச்சைச் சிப்பியில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி இருக்கக்கூடும். ஆரோக்கியமானவருக்கு வாந்திபேதியோடு போய்விடலாம். ஆனால் குடியால் ஈரல் கெட்டவருக்கு அது ரத்தத்தில் பரவி உயிரையே எடுத்துவிடும். கடுமையாகத் தாக்கப்படுபவர்களில் 5 பேரில் ஒருவர், சில சமயம் ஓரிரு நாளிலேயே, இறந்துபோகிறார். மது அந்தக் கிருமியைக் கொல்வதில்லை. பழைய குடி ஈரலைக் கெடுத்து அதற்குக் கதவைத் திறந்துவைக்கிறது. தொடர்ந்து அதிகம் குடிப்பது பொதுவாகவே நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும்.

கர்ப்பிணிகளுக்கு லிஸ்டீரியா என்ற கிருமியும் டாக்சோபிளாஸ்மாவும் குழந்தை வரை போகக்கூடியவை. மதுவும் குழந்தை வரை போகும். அவர்களுக்கு இந்த வைத்தியத்தைச் சொல்பவரை எழுந்து போகச் சொல்லுங்கள்.

சரி, தெரியாமல் வேகாத கறியைச் சாப்பிட்டுவிட்டேன். இப்போது என்ன செய்வது?

மேற்கொண்டு சாப்பிடுவதை நிறுத்துங்கள். மிச்சத்தைத் திரும்ப அடுப்பில் ஏற்றுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வேண்டாம். நாலு கிளாஸ் மதுவும் வேண்டாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த சில நாட்கள் உடம்பைக் கவனித்தால் போதும். முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்வது தேவையில்லாத வேலை.

வயிறு போகத் தொடங்கினால் முதல் மருந்து திரவம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதில் எழுதியிருக்கும் அளவுக்குத் தண்ணீர் சேர்த்துக் கரையுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. மடமடவென்று குடித்தால் வாந்தி வரும் என்பதால் சிறு மடக்குகளாகக் குடிக்க வேண்டும்.

மலத்தில் ரத்தம், 39 டிகிரியை ஒட்டிய காய்ச்சல், மூன்று நாளுக்கு மேல் நிற்காத பேதி, தண்ணீர்கூட வயிற்றில் தங்காத வாந்தி, சிறுநீர் குறைவது, எழுந்தால் தலைசுற்றுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். பார்வை இரட்டையாவது, நாக்கு குழறுவது, கண்ணிமை தானாகத் தொங்குவது எல்லாம் பொட்டுலிசத்தின் அடையாளங்கள், காத்திருக்கவே கூடாது. குடித்திருக்கும்போது இவற்றைப் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள் என்பது என் தனிப்பட்ட பயம். ரத்தபேதி இருக்கும்போது பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் இந்த அடையாளங்கள் முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பேதி ஆகும்போது கொஞ்சம் பிராந்தி குடித்தால் வயிறு கட்டும் என்கிறார்களே?

கட்டாது. சிறுநீரகம் நீரைப் பிடித்துவைக்கச் சொல்லும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடும். கீழே ஒரு வழியாக நீர் போய்க்கொண்டிருக்கும்போது இன்னொரு வழியையும் திறந்துவிடும் வேலை இது. புண்பட்ட இரைப்பைக்கும் எரிச்சல். மருத்துவர் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதிக் கொடுத்திருந்தால், அந்த மாத்திரையோடு மது கூடவே கூடாது என்று எச்சரிப்பது வழக்கம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடுகிறவருக்கும் குடி ஈரலுக்கு இரட்டைச் சுமை.

கறி வெந்துவிட்டதா என்று எப்படித்தான் உறுதியாகத் தெரிந்துகொள்வது?

நிறத்தை நம்பி ஏமாறாதீர்கள். முழுசாக வெந்த கோழியிலும் எலும்போரம் சிவப்பு தெரியலாம். வேகாத கொத்துக்கறியும் பழுப்பாகத் தெரியலாம். ஒரு சமையல் வெப்பமானியை வாங்கி, துண்டின் தடிமனான இடத்தில், எலும்பில் முட்டாமல் குத்திப் பாருங்கள். கோழி, வாத்து வகைகளுக்கு 74 டிகிரி செல்சியஸ். மாடு, ஆடு, பன்றியின் கொத்துக்கறிக்கு 71. அவற்றின் முழுத் துண்டுகளுக்கு 63, இறக்கிய பிறகு 3 நிமிடம் தொடாமல் விட வேண்டும். வெப்பமானி இல்லையா? எலும்போரம் வெட்டிப் பாருங்கள், வழியும் சாறு தெளிவாக, சதை எலும்பை விட்டுச் சுலபமாகப் பிரிகிற வரை வேகவிடுங்கள். இது உத்தரவாதம் இல்லை, ஆனால் ஒன்றும் பார்க்காததைவிட மேல்.

இதில் மதுவுக்கும் ஒரு பங்கு உண்டு, நாம் பேசிவந்த பங்கு அல்ல. அடுப்பருகே நிற்பவர் கையில் கிளாஸ் இருந்தால், பச்சைக் கறி எடுத்த இடுக்கியாலேயே வெந்ததையும் எடுப்பார், "ஆச்சு, ஆச்சு" என்று ஐந்து நிமிடம் முன்னதாகவே இறக்கிவிடுவார். நான் அரைவேக்காட்டுக் கோழி சாப்பிட்ட இரண்டு தடவையும் சமைத்தவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். அதில் ஒரு தடவை சமைத்தவர் நான்தான்.

கத்தியையும் வெட்டுப்பலகையையும் மதுவால் துடைத்தால் போதுமா?

போதாது. கறிப்பிசுக்கு இருக்கும் பலகையில் 40 சதவீதச் சரக்கு ஊற்றினால் பிசுக்கும் போகாது, கிருமியும் முழுசாகப் போகாது. சோப்பு, சுடுநீர், நன்றாகத் தேய்ப்பது, காயவைப்பது. பச்சைக் கறிக்கு ஒரு பலகை, வெங்காயம் தக்காளிக்கு வேறு பலகை. பாட்டிலில் மிச்சம் இருப்பதைச் சமையல் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.